சுருட்டுப் பெட்டியும் ஒரு பழைய பாக்கியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



செயலர் அவர்கள் போன மாதம் போனில் கூப்பிட்டார். "தொழில் சம்பந்தமா நீ ஒண்ணும் பேச வேண்டாம்ப்பா. ஏற்கெனவே நாலு பேர் அதைத்தான் பேசறாங்க. உன் பொழுதுபோக்கு ஏதாவது இருந்தா அதைப் பேசு" என்றார். எத்தனை நிமிடம் என்று கேட்டேன். "இருபது. அதுக்கு மேல போனா சாப்பாடு ஆறிடும்" என்றார். ஆகவே சாப்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

நான் மேடை ஏறும்போது என் கையில் இருந்ததைப் பார்த்துப் பின்வரிசையில் ஒருவர், "என்னடா இவன், அஞ்சறைப் பெட்டிக்குக் கைப்பிடி வச்சுக் கொண்டு வந்திருக்கான்" என்று சொன்னது காதில் விழுந்தது. பாதி சரி. இது பெட்டிதான், சுருட்டுப் பெட்டி. அதன் குறுக்கே ஒரு குச்சி, குச்சியின் மேல் மூன்று கம்பி. இதற்குப் பெயர் சுருட்டுப் பெட்டி கிடார். இதை நானே செய்தேன். இந்தக் கடைசி வாக்கியம் ஏன் எனக்கு முக்கியம் என்பதற்கு முதலில் ஒரு வாக்குமூலம் கொடுத்தாக வேண்டும். முதல்வர் அவர்கள் கேட்டுவிட்டு என் பட்டத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது.

முதலாம் ஆண்டு வொர்க்‌ஷாப். கார்ப்பென்டரியில் எனக்கு வந்த ஜாப், கிராஸ் லாப் ஜாயிண்ட். இரண்டு மரத்துண்டுகளிலும் பாதிப் பாதி கனத்தைச் செதுக்கி, கூட்டல் குறி போல ஒன்றுக்குள் ஒன்று உட்கார வைக்க வேண்டும். தடவிப் பார்த்தால் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். முதல் தடவை பள்ளம் அகலமாகி, பல்லில்லாத தாத்தா வாயில் முறுக்கு மாதிரி கட்டை ஆடியது. இரண்டாம் தடவை கட்டையே பிளந்தது. மூன்றாம் தடவை நான் உளியைத் தொடவே இல்லை. எங்கள் விடுதியில் ஒரு நண்பர் இருந்தார். மரவேலைக் குடும்பத்துப் பிள்ளை. ஜாயிண்ட் ஒன்றுக்கு இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட் என்று ரேட் வைத்து ஒரே வாரத்தில் ஆறு பேருக்குச் செய்து கொடுத்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறவர்தான்.

நம் கார்ப்பென்டரி இன்ஸ்ட்ரக்டரை உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். காதில் பென்சில், கையில் மூலைமட்டம். நான் கொடுத்த ஜாயிண்ட்டை வாங்கினார். பிரித்தார், பொருத்தினார், மறுபடி பிரித்தார். "ஜாயிண்ட் ஜோரா இருக்கு தம்பி. உன் கையைக் காட்டு" என்றார். நீட்டினேன். ஒரு காய்ப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. "ம்" என்றார். ரெக்கார்டில் பத்துக்கு ஒன்பது போட்டார். பிறகு, "மார்க் போட்டுட்டேன். என்னிக்காவது இதை நீயா ஒண்ணு செஞ்சு பாத்துடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அதன் பிறகு பதினோரு வருடங்கள் நான் எஞ்சினியர் என்ற பெயரில் வாழ்ந்தேன். கணினியில் உருவம் வரைவேன். அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, பாரம் ஏற்றி, எங்கே உடையும் என்று கணக்குப் போடுவேன். சிவப்பாகத் தெரிந்தால் ஆபத்து, நீலமாகத் தெரிந்தால் பத்திரம். நான் வரைந்த பொருள்களை யாரோ எங்கோ செய்தார்கள். ஒன்றைக்கூட நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

2016-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து டாம்பா நகரத்துக்கு வேலையாகப் போனேன். 2020 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்து நிமிட வீடியோ அழைப்பில் அந்த வேலை போயிற்று. கொரோனாக் காலம். என்னோடு சேர்த்து எங்கள் குழுவில் பாதிப் பேர். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான் கெடு. அதற்குள் இன்னொரு நிறுவனம் நமக்காக மனுப் போட வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். என் மனைவி மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள், "காலையில ரெண்டு மணி நேரம் வேலை தேடுங்க. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் தேடுங்க. நடுவுல இப்படிக் கூண்டுப்புலி மாதிரி சுத்தாதீங்க. குழந்தை பயப்படுது" என்றாள்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலங்களில் கார் ஷெட்டின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த மாதிரி ஒன்றை வாசிப்பார். கம்பியின் மேல் ஒரு கண்ணாடிக் குழலை வைத்துச் சறுக்கிக்கொண்டே போவார். கேட்பதற்கு நம் ஊர்க் கோட்டுவாத்தியத்தின் முரட்டுத் தம்பி மாதிரி இருக்கும். ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "இது கஷ்டமா?" என்று கேட்டேன். "உன்னிடம் ஒரு பெட்டி இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார்.

இருந்தது. டாம்பாவில் ஈபோர் சிட்டி என்று ஒரு பழைய பேட்டை உண்டு. 1880களில் விசென்டே மார்ட்டினெஸ் ஈபோர் என்பவர் சுருட்டுத் தொழிற்சாலை வைத்து உண்டாக்கிய ஊர். இன்றைக்கும் அங்கே தெருவோரம் சுருட்டு சுற்றி விற்கிறார்கள். நடுத்தெருவில் கோழியும் சேவலும் யாரையும் சட்டை செய்யாமல் மேய்வதைப் பார்த்தால் நமக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். 2018-ல் சுற்றிப் பார்க்கப் போனபோது மூன்று டாலருக்கு ஒரு காலிப் பெட்டி வாங்கியிருந்தேன். அதில் என் மனைவி நூல்கண்டும் ஊசியும் போட்டு வைத்திருந்தாள். கேட்டவுடன் கொடுத்துவிட்டாள். நான் நடப்பது நின்றால் போதும் என்று நினைத்திருப்பாள்.

இந்தப் பெட்டிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் செலவுக்காக 1860களில் சுருட்டுக்கு வரி போட்டார்கள். வரிவில்லை ஒட்ட வேண்டுமே, அதனால் சுருட்டைப் பெட்டியில் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. காலியான பெட்டியில் மறுபடி சுருட்டு அடைக்கவும் கூடாது. ஆக, நாடு முழுக்க நல்ல மரத்தில் செய்த காலிப் பெட்டிகள் வீடு வீடாகக் கிடந்தன. காசில்லாதவன் கை சும்மா இருக்குமா? போரை நேரில் பார்த்து வரைந்த எட்வின் ஃபோர்ப்ஸ் 1876-ல் வெளியிட்ட செதுக்கோவியங்களில், முகாமில் ஒரு சிப்பாய் சுருட்டுப் பெட்டியில் செய்த ஃபிடிலை வாசிக்கும் படம் ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் பெரும் பெயர் எடுத்த பலருக்கும் முதல் வாத்தியம் இதுதான். டெக்சாஸின் புளூஸ் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸ் எட்டு வயதில் தானே ஒன்று செய்துகொண்டார். டென்னசியில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கார்ல் பெர்கின்ஸுக்கு அவருடைய அப்பா சுருட்டுப் பெட்டியையும் துடைப்பக் கட்டையையும் சேர்த்துச் செய்து கொடுத்தாராம். கடையில் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளின் வாத்தியம் இது. பிறகு பணக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். 2012 டிசம்பரில் நியூயார்க் மேடையில் பால் மெக்கார்ட்னி வாசித்தது சுருட்டுப் பெட்டி கிடார்தான்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல பெட்டிகளை 'ஸ்பானிஷ் சீடர்' என்ற மரத்தில் செய்கிறார்கள். அது ஸ்பெயின் மரமும் இல்லை, சீடரும் இல்லை. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவில் வளர்வது. தாவர சாஸ்திரப்படி நம் வேப்பமரத்தின் குடும்பம். நம் மலைகளில் இருக்கும் சந்தன வேம்பு அதற்கு நெருங்கிய சொந்தம், அதிலும் சுருட்டுப் பெட்டி செய்திருக்கிறார்கள். திருச்சிக்காரர்கள் இங்கே இருந்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் ஒரு துப்பாக வருகிறது.

இனி வேலைக்கு வருவோம். தேவையானவை கொஞ்சம்தான். ஒரு பெட்டி. சுமார் மூன்றடி நீளத்தில் கெட்டியான மரக்குச்சி ஒன்று, முக்கால் அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். மூன்று முறுக்காணிகள். சாதாரண கிடார் கம்பி செட்டில் நடுவிலுள்ள மூன்று கம்பிகள். கீழ்ப்பக்கம் கம்பிகளை மாட்ட ஒரு கதவுக் கீல். கிடாரின் தலைப்பக்கம் கம்பி படிந்து நிற்கும் கட்டைக்கு 'நட்' என்று பெயர். அந்த நட்டுக்குப் பதிலாக நான் வைத்தது ஒரு போல்ட். மெக்கானிக்கல்காரன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மூன்று கம்பிகளையும் சுருதிக்கு முறுக்கினால் மொத்தம் சுமார் இருபது கிலோ இழுவிசை வரும். ஒரு சிப்பம் அரிசிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தப் பாரத்தை மெல்லிசான சுருட்டுப் பெட்டி எப்படித் தாங்கும்? தாங்காது, தாங்கவும் வேண்டாம். குச்சி பெட்டிக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது. கம்பியின் இரண்டு முனைகளும் குச்சியில்தான். இழுப்பையெல்லாம் குச்சி வாங்கிக்கொள்ளும். பெட்டியின் மூடி அதிர்ந்தால் போதும்.

இதை நான் காகிதத்தில் அழகாகக் கணக்குப் போட்டேன். செய்து முடித்துக் கம்பியைத் தட்டினால், 'டொக்' என்றது. கதவைத் தட்டுகிற சத்தம். பெரியவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். குச்சி மூடியின் அடிப்பக்கத்தை முட்டிக்கொண்டிருந்தது. மூடி எங்கே அதிரும்? பெட்டிக்குள் வரும் நீளத்துக்குக் குச்சியின் மேல்முகத்தைக் கால் அங்குல ஆழம் செதுக்கி இறக்க வேண்டும். பெட்டியின் இரண்டு முனைச் சுவர்களிலும் குச்சி கச்சிதமாக உட்கார வாய் வெட்ட வேண்டும். குச்சியின் தலைப்பக்கத்திலும் பாதிக் கனத்தை எடுக்க வேண்டும். அப்போதுதான் கம்பிகள் போல்ட்டின் மேல் அழுந்தி முறுக்காணிக்கு இறங்கும்.

உளியைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இது வேறொன்றும் இல்லை, லாப் ஜாயிண்ட். இரண்டு பரோட்டாவுக்கு நான் வாங்கிய அதே லாப் ஜாயிண்ட், பதினைந்து வருடம் கழித்து டாம்பாவில் ஒரு கார் ஷெட் வாசலில் என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

முதல் குச்சி வீண். கோட்டின் மேலேயே ரம்பத்தை வைத்துவிட்டேன். ரம்பத்துக்கென்று ஒரு கனம் உண்டு, அது தன் பங்கு மரத்தைத் தின்னும். கோட்டுக்கு உள்ளே, கழிக்கப் போகிற பக்கமாக வெட்ட வேண்டும். பெரியவர் இதைச் சொன்னபோது எனக்குக் கேட்டது நம் இன்ஸ்ட்ரக்டரின் குரல்: "கோடு கண்ணுக்குத் தெரியணும் தம்பி. கோட்டைத் தின்னுட்டா ஜாயிண்ட் ஆடும்." முதல் வாரத்திலேயே சொன்னார். நான் நோட்டில்கூட எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது குச்சியில் ஜாயிண்ட் ஓரளவு வந்தது. மெட்டுகளில் மாட்டிக்கொண்டேன். கிடாரில் மெட்டு வைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கம்பியின் நீளம் 635 மில்லிமீட்டர் என்றால், அதை 17.817-ஆல் வகுக்க வேண்டும். 35.6 வரும். போல்ட்டிலிருந்து அந்தத் தூரத்தில் முதல் மெட்டு. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு மிகச் சரியாகப் பாதியில், 317.5-ல் வந்து விழும். விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலி 1581-லேயே லூட் வாத்தியத்துக்கு 18-ஆல் வகுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். அவர் ஒரு இசைக்கலைஞர்.

கணக்கு சரி. நான் செய்தது என்ன? முதல் மெட்டிலிருந்து இரண்டாவதுக்கு அளந்தேன், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு அளந்தேன். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பிசகு. பன்னிரண்டாவது மெட்டுக்குப் போனபோது நாலரை மில்லிமீட்டர் தள்ளி நின்றது. நீளத்தில் சின்ன விஷயம். காதுக்கு அரைச்சுரத்தில் கால் பங்கு, பல்லைக் கூசும். ஒரே ஆதாரப் புள்ளியிலிருந்து எல்லா அளவையும் எடு, இல்லாவிட்டால் பிழை கூடிக்கொண்டே போகும் என்று மெட்ராலஜி வகுப்பில் படித்தோம். அந்தப் பேப்பரில் நான் 92. பேராசிரியர் இங்கேதான் இருக்கிறார், மன்னிக்க வேண்டும். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பார்கள், காதால் கேட்டு நகர்த்திச் சரிசெய்யலாம். நான் மரத்தில் வெட்டியாயிற்று. நகராது.

என் வேலையில் இப்படித் தவறு செய்தால் திரையில் ஒரு எண்ணை மாற்றுவேன், போய்விடும். இங்கே தவறு என் கையிலேயே இருந்தது. அதைத் தூக்கி மூலையில் வைத்தால் அங்கேயிருந்து என்னைப் பார்த்தது. இன்னொரு குச்சி வாங்கி, முதல் கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பிப்பதைத் தவிர வழியில்லை. காலையில் இரண்டு மணி நேரம் வேலை தேடுவேன். 'வருந்துகிறோம்' என்று பதில் வரும். பிறகு குச்சிக்குப் போவேன்.

41-ஆம் நாள் மூன்றாவது குச்சி முடிந்தது. கம்பிகளை ஜி, டி, ஜி என்று சேர்த்தேன். நம் கணக்கில் ச, ப, மேல் ச. வீணையின் பக்கத் தந்திகளிலும் இதே மூன்றுதான். எனக்கு வாசிக்கத் தெரியாது. சும்மா மூன்றையும் சேர்த்து மீட்டினேன். பெட்டி முழுக்க நின்று ஒலித்தது. என் ஆறு வயது மகள் ஓடி வந்து பெட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டு, "நிறுத்தாதீங்கப்பா" என்றாள். அந்த ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

அமெரிக்காவில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. கிடார் வந்து காப்பாற்றியது என்றெல்லாம் கதை சொல்ல மாட்டேன். 52-ஆம் நாள் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம்தான். வந்தே பாரத் விமானத்தில் குடும்பத்தோடு திரும்பினோம். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உள்ளே சுருட்டு இருக்கா?" என்றார். "ஊசி நூல்கூட இல்ல சார்" என்றேன்.

இப்போது என் டிராயிங்கை அனுப்புவதற்கு முன்னால் நான் லேத் ஓட்டுகிறவரிடம் போய் நிற்கிறேன். "அண்ணே, இதைப் பிடிக்க இடம் இருக்கா? உளி உள்ளே போகுமா?" என்று கேட்கிறேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள். இப்போது அவர்களே கூப்பிட்டு, "சார், இந்த மூலை வராது" என்கிறார்கள். இப்படிக் கேட்காமல் பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேனே என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் நம் இன்ஸ்ட்ரக்டரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். என்னை அவருக்கு நினைவில்லை. எத்தனை ஆயிரம் பையன்களைப் பார்த்தவர்! பரோட்டா கதையை முழுக்கச் சொன்னேன். சிரித்தார். கிடாரை மடியில் வைத்துக் கொடுத்தேன். காது கொஞ்சம் மந்தம், மீட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்தார். கண்ணும் மங்கல்தான். கட்டைவிரலை உள்ளே விட்டு ஜாயிண்ட்டைத் தடவினார். "இந்தத் தோள்ல கால் நூல் இடைவெளி இருக்கு தம்பி. உளி மொட்டை" என்றார். "எத்தனை மார்க் சார்?" என்றேன். "ஏழு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கிய ஜாயிண்ட்டுக்கு ஒன்பது. செய்த ஜாயிண்ட்டுக்கு ஏழு. இந்த ஏழைத்தான் நான் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

நண்பர்களே, இன்று காலை ஏழு மணிக்கே வந்து வொர்க்‌ஷாப் பக்கம் போனேன். கார்ப்பென்டரி செக்‌ஷன் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பட்டறை மேசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. மரவேலைக்கு இப்போது செய்து காட்டுவது மட்டும்தான், மாணவர்கள் நின்று பார்க்கிறார்கள் என்று சொன்னார்கள். மேசைகளைக் கழித்துக்கட்டும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களாம். முதல்வர் அவர்களிடம் பேசினேன். "சங்கம் பொறுப்பெடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். அவர் சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் மைக்கில் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. நாலு மேசையை மட்டும் ஏலத்திலிருந்து நிறுத்துங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அந்தக் கதவைத் திறந்து வையுங்கள். நான் வருகிறேன். முதல் இரண்டு வருடத்துக்கு மரமும் கம்பியும் என் செலவு. சுருட்டுப் பெட்டி வேண்டும் என்றுகூட இல்லை, பழைய மரப்பெட்டி எதுவானாலும் சரி. மார்க் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. வருகிற பையன், வருகிற பெண் யாராக இருந்தாலும் ஒரு குச்சியைக் கெடுக்கட்டும், இரண்டாவதையும் கெடுக்கட்டும், மூன்றாவதைச் செய்யட்டும். என்னைப் போல வேலை போன பிறகு முப்பது வயதுக்கு மேல் கெடுப்பதைவிட, பதினெட்டு வயதில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது கெடுப்பது நல்லது. உதவிக்கு வர விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்தலில் என்னிடம் பெயர் கொடுங்கள். மூன்றாவது வரிசை நண்பர் இப்போதே கை தூக்கிவிட்டார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை, பரோட்டா வாங்கக் கூடாது.

செயலர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்று கம்பியையும் ஒரு முறை மீட்டிக் காட்டிவிட்டு இறங்கிவிடுகிறேன். பன்னிரண்டாவது மெட்டையும் தொட்டுக் காட்டுகிறேன், மெட்ராலஜி பேராசிரியர் திருப்திப்படட்டும்.